இன்னும் நான்கு விரல்

புரட்டாசி முழுக்கக் கவிச்சி தொடலை சிஸ்டர்,
பெருமாள் சாட்சி என்றார் ராக்கியப்பன்.
சரி, என்னதான் சாப்பிட்டீங்க?
பூசணி. மொச்சை. கீரை. தக்காளிச் சட்னி.
ராத்திரி படுக்கும்முன் ரெண்டு வாழைப்பழம்.
செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ்?
கோயிலில் பூஜை.
வியாழன்?
பஸ் வரலை.
சாட்ஸ்வொர்த்தில் இருபத்தாறு வருஷம்
பஸ் ஓட்டியவர்.

பொட்டாசியம் ஏழு புள்ளி மூன்று.
உடைந்துபோன சாம்பிளாக இருக்கக்கூடாதா
என்று ஒரு நொடி ஆசைப்பட்டேன்.
ஈசிஜி தாளில் ஒவ்வொரு துடிப்பின் பின்னாலும்
கூடாரம் அடித்தாற்போல் ஒரு கூர்முனை.

முதலில் கால்சியம்.
அது பொட்டாசியத்தை ஒன்றும் செய்யாது.
இதயத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.
மெதுவாக, கண் திரையில்.

டாக்டர் ஸ்ட்ரைடம், வந்து ஆறு வாரம்,
டிராயரில் சாதாரண சிரிஞ்சை எடுத்தார்.
இன்சுலின் சிரிஞ்ச் தீர்ந்திருந்தது.
வைத்துவிடுங்கள் என்றேன்.
பத்து யூனிட் என்றால்
ஒரு மில்லியில் பத்தில் ஒரு பங்கு,
பல்லி முட்டையில் பாதிகூட வராது.
பத்தைப் பத்து மில்லியாக வாசித்த கை
எங்கோ ஒரு வார்டில் இருக்கிறது.
அதுவும் தூக்கம் கெட்ட நல்ல கைதான்.
நான்காம் வார்டுக்கு ஓடி
ஆரஞ்சு மூடி இரண்டு கடன் வாங்கினேன்.

தந்தேகா விளக்கடியில் தூக்கிப் பிடித்தாள்.
நீ சொல்லாதே, நான் வாசிக்கிறேன்.
என் வாயில் எண்ணைக் கேட்டுவிட்டால்
அவள் கண்ணும் அதையே பார்க்கும்.
பத்து, என்றாள்.

எனக்குச் சர்க்கரை வியாதி இல்லையே சிஸ்டர்?
இல்லை. இது பொட்டாசியத்தைச்
செல்லுக்குள் தள்ள.
வெளியே போயிடுமா?
போகாது. விருந்தாளி வருமுன்
துணியையெல்லாம் அலமாரியில் திணிப்போமே, அது மாதிரி.
கதவு மறுபடி திறந்துகொள்ளும்.
அதற்குள் டயாலிசிஸ்.

இடது கை ஃபிஸ்டுலாவின் கை, அதைத் தொடக்கூடாது.
வலது கை நரம்பில் உப்புநீர் விட்டு
வீங்குகிறதா என்று தடவிப் பார்த்தேன்.
குளுக்கோஸ் பாகு மாதிரி இறங்கும்;
வழி தவறினால் சதையை வேகவைத்துவிடும்.
அதன் பின்னாலேயே இன்சுலின்.
ஒன்று பத்து.
இனி மணிக்கொரு விரல், ஆறு மணி நேரம்.

இரண்டு பத்து: ஒன்பது புள்ளி இரண்டு.
திரையில் கூடாரம் தாழ்ந்தது.
பொட்டாசியம் ஆறு புள்ளி இரண்டு என்று
ஆய்வகம் போன் செய்தது. டாக்டர் சிரித்தார்.

மூன்று பத்துக்கு நான்
பதினோராம் கட்டிலில் ஒரு வலிப்பை
ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று முப்பத்தைந்து.
ராக்கியப்பன் நிம்மதியாகத் தூங்கினார்,
கடந்துபோகிறவர் காலடியை மெல்ல வைக்கிற தூக்கம்.
தலையணை மட்டும் நனைந்திருந்தது.

இரண்டு புள்ளி நான்கு.
நான்குக்குக் கீழே போகக்கூடாது.

குளுக்கோஸ் ஓவர்டைம் பார்க்காது.
இன்சுலின் பார்க்கும்.
சிறுநீரகம் செத்த உடம்பில்
அதை வீட்டுக்கு அனுப்ப ஆளில்லை.

மறுபடி பாகு. பாதி ஏறும்போதே கண் திறந்தார்.
நான் எந்த ரூட்டில் இருக்கேன்?
மூன்றாம் வார்டு, ஐயா.
ஓ. கடைசி ஸ்டாப்பா?
இல்லை. இறங்காதீங்க.

கால் மணி கழித்து ஏழு. டிரிப் ஒன்று தொங்கவிட்டோம்.
சார்ட்டில் மூன்று பத்து என்ற கட்டம் காலி.
பேனா அதன் மேலேயே கொஞ்சம் நின்றது.
மூன்று முப்பத்தைந்து என்று எழுதினேன்.
தந்தேகா பார்த்தாள். அவளும் கையெழுத்துப் போட்டாள்.

இன்னும் எத்தனை தடவை, சிஸ்டர் பூவேந்திரி?
நான்கு.
கடைசி விரல் ஏழு பத்துக்கு.
என் ஷிப்டு ஏழுக்கே முடிகிறது.
பகல்காரி பையைக் கீழே வைக்குமுன் சொல்ல வேண்டும்:
ஏழாம் கட்டில். தூங்கினால் எழுப்பு.
டயாலிசிஸ் யூனிட் கதவு திறந்ததும் ஸ்ட்ரெச்சர்.

கட்டைவிரலை மட்டும் விட்டுடுங்க என்றார்,
ஹாரன் அடிக்கிற விரல்.

நான்கு பத்து.
ஆறு புள்ளி ஒன்று.
இன்னும் மூன்று.